பொதுக் காரியத்துக்கு ஒரு கொப்பி

(சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாக, கல்லூரி மண்டபத்தில் உயர்தர வகுப்பு மாணவிகளுக்கும் பழைய மாணவிகளுக்கும் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒலிவாங்கிக்கு முன்னால் ஒருவர்தான் நிற்கிறோம். ஆனால் சொல்லப்போவது எமது வகுப்பைச் சேர்ந்த ஆறு பேரின் அனுபவம். எங்களில் இருவர் வைத்தியர்கள். ஒருவர் ஆசிரியை. ஒருவர் பிரதேச செயலகத்தில் கடமையாற்றுகிறார், இன்னொருவர் வங்கியில். ஆறாமவர் மூன்று பிள்ளைகளையும் வயோதிபப் பெற்றோரையும் பராமரித்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார். எங்களில் அதிகம் எழுதுபவர் அவர்தான். 2018 முதல் நாங்கள் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். 200 பக்கச் சாதாரணக் கொப்பி. இப்போது நான்காவது கொப்பி ஓடுகிறது. ஊரில் நாங்கள் கண்ட பொதுக் காரியங்களை, அதாவது தண்ணீர், வாய்க்கால், குப்பை, நுளம்பு, பஸ், தெருவிளக்கு இவற்றைப் பற்றி எழுதுவதற்கு மட்டும் அந்தக் கொப்பி.

எழுதும் முறை எளியது. இடது பக்கத்தில் கண்டதையும் கேட்டதையும் அளந்ததையும் மட்டும் எழுதுவோம். திகதி, நேரம், இடம் கட்டாயம். வலது பக்கத்தை ஒரு கிழமைக்கு வெறுமையாக விட்டுவிடுவோம். அடுத்த கிழமை வாசித்துப் பார்த்து, இதிலிருந்து என்ன விளங்குகிறது, எங்களுக்கு என்ன கோபம் வந்தது, அந்தக் கோபம் நியாயமானதா, இன்னும் யாரிடம் கேட்கவில்லை என்பதை வலது பக்கத்தில் எழுதுவோம். ஒரு கிழமை இடைவெளி முக்கியம். அன்றைக்கே எழுதினால் வலது பக்கம் முழுவதும் திட்டாகத்தான் இருக்கும்.

இது நாங்கள் கண்டுபிடித்த முறையென்று எண்ண வேண்டாம். அனுபவத்திலிருந்து தானாகக் கல்வி வந்துவிடாது, அந்த அனுபவத்தைத் திரும்பிப் பார்த்துச் சிந்திக்க வேண்டும் என்று ஜோன் டூயி என்ற அமெரிக்கக் கல்வியியலாளர் 1910 இலேயே எழுதினார். 1983 இல் டொனால்ட் ஷோன் அதைத் தொழில் செய்பவர்களுக்குப் பொருத்தி எழுதினார். இன்று வைத்தியர், தாதியர், ஆசிரியர் பயிற்சிகளில் சிந்தனைக் குறிப்பு எழுதுவது ஒரு பாடமாகவே ஆகிவிட்டது. பட்டப்பின் படிப்புக் காலத்தில் வைத்தியசாலை விடுதியில் நடந்த ஒவ்வொன்றையும் பற்றி எழுதிக் கொடு என்று எங்களைக் கேட்டபோது, உள்ளதைச் சொன்னால், சலித்துக்கொண்டுதான் எழுதினோம். அந்தப் பழக்கம் பிறகு வைத்தியசாலை வாசலைத் தாண்டி எங்களோடு வந்துவிட்டது.

தங்கைகளே, இதில் உங்களுக்கு விளங்காத ஒன்று இருக்கிறது. எங்கள் வயதுக்காரருக்கு எழுதுவது ஒரு பயமான காரியம். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது நாங்கள் உங்களைவிடச் சிறியவர்கள். அதற்கு முன்னும் பின்னும் நாட்குறிப்பு எழுதிய பிள்ளைகளின் கொப்பிகளை அம்மாமார் அடுப்பில் போட்டார்கள். ஒரு பெயர், ஒரு இடம், ஒரு திகதி, எது யாருடைய கையில் அகப்பட்டு எப்படி வாசிக்கப்படும் என்று ஒருவருக்கும் தெரியாத காலம். யாழ். மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ராஜினி திரணகம, மக்களுக்கு நடந்தவற்றை எழுதிவைத்தவர்களில் ஒருவர். 'முறிந்த பனை' நூலின் ஆசிரியர்களில் ஒருவர். 1989 செப்டெம்பர் 21 இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். எழுதாமல் இருப்பதே பாதுகாப்பு என்று எங்கள் தாய்மார் எங்களுக்குச் சொல்லித் தந்தது அன்பினால்தான். அவர்களை நாங்கள் குறைசொல்லவில்லை. ஆனால் அந்தப் பழக்கம் யுத்தம் முடிந்த பின்னும் எங்களுக்குள் இருந்துவிட்டது. ஊரில் எது நடந்தாலும் வாயால் பேசுவோம், படலையடியில் நின்று கோபப்படுவோம், பிறகு விட்டுவிடுவோம். எழுத்தில் ஒன்றும் இருக்காது. எழுத்தில் இல்லாத முறைப்பாட்டுக்கு எந்த அலுவலகமும் பதில் சொல்லவேண்டியதில்லை.

பொதுச் சுகாதாரத்தின் கதையே எழுதிவைத்தவர்களின் கதைதான். 1926 இல் களுத்துறையில் இந்நாட்டின் முதலாவது சுகாதார அலகு தொடங்கப்பட்டது. சரியாக ஒரு நூற்றாண்டு. இன்று உங்கள் வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் அந்த வழியில் வந்தவர்கள்தான். அவர்களுடைய பலம் மருந்துப் பெட்டியில் இருந்ததைவிடப் பதிவேட்டில் அதிகம் இருந்தது. எந்த வீட்டில் கர்ப்பவதி இருக்கிறார், எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி தவறியது என்று வீடு வீடாக எழுதினார்கள்.

எழுதுவது தளர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் எங்கள் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 1963 இல் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர். நோய் போய்விட்டது என்று நினைத்துக் கண்காணிப்புத் தளர்ந்தது. 1969 இல் நோயாளர் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டி வந்தது. கடைசிக் கட்டத்தில் ஒவ்வொரு நோயாளியையும் தனித்தனியாக விசாரித்து, எங்கே தொற்றியது என்று எழுதி எழுதித்தான் முடித்தார்கள். 2012 ஒக்டோபருக்குப் பிறகு 2016 வரை உள்நாட்டில் தொற்றிய நோயாளி இல்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

இனி எங்கள் கொப்பிக்கு வருவோம்.

முதலாவது கொப்பியில் அதிக பக்கங்களைப் பிடித்தது ஒரு மதகு. எங்களில் ஒருவர் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையின் முடிவில், பிரதான வீதிக்குக் கீழே இருக்கிற பழைய மதகு. கார்த்திகை மழை தொடங்கினால் ஒழுங்கையில் முழங்காலுக்குத் தண்ணீர் நிற்கும். தண்ணீர் வடிந்த பிறகு ஒவ்வொரு வீட்டு வளவிலும் சிறு சிறு தேக்கம். மார்கழியில் அந்த ஒழுங்கைப் பிள்ளைகள் காய்ச்சலோடு வைத்தியசாலைக்கு வருவார்கள். வடகீழ்ப் பருவமழையோடு எங்கள் மாவட்டத்தில் டெங்கு கூடுவது வழமை. 2017 இல் நாடு முழுவதும் 186,101 பேர் டெங்கு நோயாளராகப் பதிவானதை நினைத்துப் பார்த்தால், ஓர் ஒழுங்கையில் நான்கு பிள்ளைகள் என்பது பெரிய கணக்காகத் தெரியாது. அந்த நான்கு தாய்மாருக்கு அது பெரிய கணக்கு.

ஊர்ச் சனசமூக நிலையம் மூன்று வருடமாக ஓர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தது. பதில் இல்லை. "ஒருத்தரும் ஒன்றும் செய்யமாட்டினம்" என்பதுதான் ஊரின் தீர்ப்பு. எங்கள் இடது பக்கத்தில் அந்தத் தீர்ப்புக்கு இடமில்லை, ஏனென்றால் அது கண்டதும் அல்ல, அளந்ததும் அல்ல. அதனால் வீட்டில் இருக்கும் தோழி மழை நாட்களில் ஒரு தடியில் அங்குலக் கோடு போட்டு, மதகின் இரு பக்கமும் காலை 7 மணிக்கும் மாலை 5 மணிக்கும் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து எழுதினார். பதினாறு நாட்கள். மேல்பக்கத்தில் தண்ணீர் நிற்கிறது, கீழ்ப்பக்கம் காய்ந்து கிடக்கிறது. மதகு அடைபட்டிருக்கிறது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அடுத்த கிழமை வலது பக்கத்தில் எழுதிய கேள்வி, "இந்த மதகு யாருடையது?" எங்கள் நாட்டில் வீதிகள் ஒரே கைக்குள் இல்லை. ஏ, பி வகை வீதிகள் மத்திக்கு, சி, டி வகை வீதிகள் மாகாணத்துக்கு, ஒழுங்கைகளும் சிறு வீதிகளும் உள்ளூராட்சி மன்றத்துக்கு. ஒழுங்கை ஒருவருடையது, அது வந்து ஏறும் வீதி இன்னொருவருடையது. அப்படியானால் கீழே இருக்கும் மதகு? நேரில் போய்க் கேட்டபோது ஓர் அலுவலகத்தில், "டொக்டர், உங்களுக்கு ஏன் இந்த வேலை? நீங்கள் நோயாளரைப் பாருங்கோவன்" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். திகதி போட்டு அதையும் இடது பக்கத்தில் எழுதிக்கொண்டோம்.

பிறகு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் கொடுத்தோம். தங்கைகளே, இந்தச் சட்டத்தை நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்நாட்டுப் பிரஜை எவரும் ஒரு பொது அலுவலகத்திடம் தகவல் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் கேட்டாலும் அதை எழுதிக்கொள்ள வேண்டியது அந்த அலுவலகத்தின் கடமை. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். இல்லையென்றால் மேன்முறையீடு உண்டு, அதற்கும் மேலே ஆணைக்குழு உண்டு. நாங்கள் கேட்டது இரண்டே கேள்வி. இந்த மதகு எந்த நிறுவனத்துக்கு உரியது? கடைசியாக எப்போது துப்புரவாக்கப்பட்டது? ஒரு பக்கத்தில் பதில் வந்தது. மூன்று வருடக் கடிதங்களும் மதகுக்குச் சொந்தமில்லாத அலுவலகத்துக்குப் போயிருந்தன. அந்த அலுவலகம் அவற்றை உரிய இடத்துக்கு அனுப்பவும் இல்லை, எங்களுக்கு உரியதல்ல என்று ஒரு வரி எழுதவும் இல்லை.

இந்த இடத்தில் கதையை நிறுத்தினால் கைதட்டலாம். ஆனால் கொப்பி அப்படி நிறுத்த விடவில்லை. மதகைத் திறக்க ஆட்கள் வந்த அன்று வாய்க்கால் வழியே நடந்து பார்த்தோம். 11 வீடுகளுக்கு முன்னால் வாய்க்கால் மண் நிரப்பி மூடப்பட்டிருந்தது, கார் ஏறுவதற்காக. முன்பு அங்கெல்லாம் கிடுகு வேலியும் பனை மட்டை வேலியும் இருந்தன. மழைத்தண்ணீர் வேலிக்கால் வழியே வளவு வளவாகப் பாய்ந்து தாழ்ந்த இடம் தேடிப் போகும். இப்போது எல்லாம் சீமெந்து மதில். வெளிநாட்டுக் காசு வந்தது, மதில் எழுந்தது, தண்ணீருக்குப் போக வழியில்லை. அன்றைய இடது பக்கத்தில் 11 வீடுகளுக்கும் முன்னால் வாய்க்காலின் அகலம் எழுதியிருக்கிறது. அந்த மதில்களில் ஒன்று எங்கள் சங்கத்துக்குத் தாராளமாக நிதி தந்த ஒருவருடையது. பெயர் கொப்பியில் இல்லை, ஆகவே மண்டபத்தில் எவரும் நெளியத் தேவையில்லை.

அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவது சுலபம். பக்கத்து வீட்டு மாமியிடம் போய் உங்கள் வாசல் மண்ணை வெட்டி ஒரு குழாய் வையுங்கோ என்று சொல்வதுதான் கஷ்டம். எங்களுக்கு ஏழு மாதம் எடுத்தது. 11 இல் 8 வீட்டார் செய்தார்கள். ஒருவர் இன்றுவரை எங்களோடு கதைப்பதில்லை.

கடந்த ஆண்டு இந்தக் கல்லூரியின் சுகாதாரக் கழக மாணவிகள் சிலர் இரண்டு தவணை எங்கள் முறையில் எழுதிப் பார்த்தார்கள். அவர்களிடம் அனுமதி பெற்றே இதைச் சொல்கிறோம். ஒரு குழுவின் முதலாம் பக்கத்தில் இப்படி இருந்தது: "இப்பகுதி மக்கள் விழிப்புணர்வு அற்றவர்கள். தண்ணீர்ப் பாத்திரங்களை மூடுவதில்லை." அழகான வசனம். போட்டிக் கட்டுரைக்குப் பரிசு கிடைக்கும். ஆறு கிழமைக்குப் பின் அதே குழு எழுதியது: "நான்காவது வீட்டு அம்மா, பரலை மூடி வையுங்கோ என்றதும் சிரித்தார். மூடி எங்கே பிள்ளையள் வாங்கலாம் என்று கேட்டார். நாங்கள் சந்தையில் மூன்று கடை பார்த்தோம். பழைய பரலை மூடி இல்லாமல்தான் விற்கிறார்கள்."

விழிப்புணர்வு என்ற சொல் அதற்குப் பிறகு அந்தக் கொப்பியில் வரவேயில்லை. பழைய நுளம்பு வலையை வெட்டிப் பரலின் வாயில் போட்டு, சைக்கிள் ரியூப்பில் வெட்டிய பட்டியால் இறுக்கலாம் என்று அந்த அம்மாவோடு சேர்ந்து கண்டுபிடித்தார்கள். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏறத்தாழ ஒரு கிழமை எடுக்கும். முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே கிழமைக்கு ஒரு முறை தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இதைச் சொல்லித் தருவதும் வேண்டியதுதான். மூடி எங்கே என்று கேட்பவருக்கு முதலில் மூடி வேண்டும்.

இன்னொரு குழு, கிணற்றருகே கிடந்த சிரட்டையில் உப்புத்தண்ணீரில் குடம்பிகளைக் கண்டதாக எழுதியிருந்தது. தெளிந்த நல்ல தண்ணீரில்தானே இந்த நுளம்பு பெருகும் என்று ஆசிரியை ஒருவர் கேட்டாராம். அந்தப் பிள்ளைகள் எழுதியதை அழிக்கவில்லை. அது நல்லது. யாழ். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எங்கள் கரையோரங்களில் தேடிப் பார்த்து, டெங்கு நுளம்பு உவர்நீரிலும் முட்டையிட்டு வளர்கிறது என்று காட்டியிருக்கிறார்கள். புத்தகத்தில் இருப்பதோடு ஒத்துவராத ஒன்றைக் கண்டால் கண்டதை எழுதுங்கள். விளக்கம் பிறகு வரட்டும்.

ஆசிரியைகளிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் கொப்பிக்குப் புள்ளி போடாதீர்கள். புள்ளி என்று வந்தால் பிள்ளைகள் நீங்கள் விரும்புவதைத்தான் எழுதுவார்கள், அதில் அவர்கள் கெட்டிக்காரிகள். குடியுரிமைக் கல்விப் பாடத்தில் பரீட்சைக்கு எழுத வேண்டியது வேறு, இது வேறு. அதேபோல ஒருநாள் சிரமதானம் செய்து, பதாகை பிடித்து, படம் எடுத்து முகநூலில் போடுவதையும் நாங்கள் அதிகம் மதிப்பதில்லை. சிரமதானம் நல்ல காரியம். ஆனால் இரண்டு மாதம் கழித்து அதே இடத்தைப் போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

எழுதக் கூடாதவை பற்றியும் சொல்ல வேண்டும். ஆட்களின் பெயர் வேண்டாம், வீடு 'அ', வீடு 'ஆ' என்று எழுதுங்கள். ஒருவருக்கு என்ன நோய் என்று எழுதாதீர்கள். அது அவருடைய சொத்து. கொப்பியின் பக்கத்தைப் படமெடுத்து எவருக்கும் அனுப்பாதீர்கள். போதைப்பொருள் விற்பவர்கள், மணல் அள்ளுபவர்கள் போன்ற விடயங்களில் தனியாகப் போய்த் தகவல் திரட்டுவது பாடசாலைப் பிள்ளைகளின் வேலை அல்ல. ஒரு பிள்ளைக்கு வீட்டிலோ வெளியிலோ துன்புறுத்தல் நடக்கிறது என்று தெரிய வந்தால் வலது பக்கத்துக்காக ஒரு கிழமை காத்திருக்காதீர்கள். நம்பிக்கையான ஆசிரியை ஒருவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள், அல்லது 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசிக்கு அழையுங்கள்.

பெண்களுக்கு இதெல்லாம் தேவையா என்று இப்போதும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்நாட்டுப் பெண்கள் 1931 இல் வாக்குரிமை பெற்றார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அந்த ஆண்டு அரசாங்க சபைத் தேர்தல் பகிஷ்கரிக்கப்பட்டதால் எங்கள் பாட்டிமாருக்கு 1934 வரை வாக்குப் போட வழி இருக்கவில்லை. கிடைத்த உரிமை கைக்கு வர மூன்று வருடம். கனடாவில் பிறந்து தமிழர் ஒருவரை மணந்து இங்கே வைத்தியத் தொழில் செய்த மேரி ரட்ணம், பெண்கள் வாக்குரிமைக்காக உழைத்ததோடு 1930 இல் லங்கா மகிளா சமித்தியைத் தொடங்கிக் கிராமம் கிராமமாகப் போனார். நோயாளரைப் பாருங்கோ என்று அவரிடமும் எவராவது சொல்லியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறோம். இப்போது உள்ளூராட்சி மன்றங்களில் நாலில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்ற சட்டம் 2016 இல் வந்து 2018 தேர்தலில் முதன்முறையாக நடைமுறையானது. அந்த இடங்களில் உங்களில் சிலர் இருப்பீர்கள். சபையில் எழுந்து, "கார்த்திகை 12 ஆம் திகதி காலை 7 மணிக்கு இந்த மதகின் மேல்பக்கத்தில் 14 அங்குலத் தண்ணீர் நின்றது" என்று சொல்லும் உறுப்பினரை உட்காரச் சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை.

சங்கத்தின் நூற்றாண்டு நினைவாக உயர்தர முதலாம் வருட மாணவிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு கொப்பி தருகிறோம். அட்டையில் கல்லூரி இலச்சினை இல்லை, வேண்டுமென்றுதான் விட்டோம். உள்ளே கோடு போட்டிருக்கிறது, வேறொன்றும் இல்லை. ஒவ்வொரு தவணையும் மூன்றாம் கிழமை வெள்ளிக்கிழமை பின்னேரம் 2 மணிக்கு எங்களில் இருவர் நூலகத்தில் இருப்போம். விரும்பியவர்கள் கொண்டுவந்து வாசிக்கலாம், விரும்பாதவர்கள் கேட்டுக்கொண்டிருக்கலாம். தேநீரும் வடையும் சங்கத்தின் செலவில்.

அந்த மதகைப் பற்றிக் கேட்பீர்கள். இப்போது அது திறந்திருக்கிறது. ஒழுங்கையில் தண்ணீர் நிற்பதில்லை. கடந்த தை மாதம் நான்காவது கொப்பியில் எழுதிய பக்கத்தின்படி, அந்தத் தண்ணீர் முழுவதும் வீதிக்கு அப்பால் தாழ்ந்த பக்கத்திலுள்ள ஆறு வீடுகளின் வளவுக்குள் போகிறது. அங்கிருந்து வெளியேற வாய்க்கால் இருந்ததா, இருந்தால் எங்கே போனது என்று வயதானவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். வலது பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.